வேகன்ஆர் சிஎன்ஜி டிக்கில எந்த ஸ்ட்ரோலர் உள்ள போகும்?

மடிப்பாக்கம்_மருமக

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்ப தான் மொத தடவ எழுதறேன். பையனுக்கு அஞ்சு மாசம் முடிய போகுது, ஏழரை கிலோ இருக்கான், தூக்கிட்டே நடந்து தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு. ஸ்ட்ரோலர் வாங்கலாம்னு முடிவு பண்ணி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் வாங்கல, காரணம் வண்டி தான். எங்களது வேகன்ஆர் சிஎன்ஜி, கேஸ்ல ஓடறது. டிக்கிய தொறந்தா சிலிண்டர் தான் காலை நீட்டி படுத்துட்டு இருக்கும். கல்யாணமான புதுசுல ரெண்டு பேர், ஒரு பேக், அது ஒரு பிரச்சனையாவே தெரியல. இப்ப டயப்பர் பை, பால் பாட்டில் பை, அத்தையோட பை (அதுல என்ன இருக்கும்னு கேக்காதீங்க, தவலை கூட இருக்கும்), இதுக்கெல்லாம் மேல ஸ்ட்ரோலர்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு கடைக்கு போய் ஒண்ணு பிடிச்சிப்போச்சு, சாஞ்சு படுக்கற மாதிரி, பெரிய சக்கரம், கீழ கூடை எல்லாம். கடைப்பையன் "எல்லா கார்லயும் போகும் மேடம்"னான். நல்லவேளை எங்க வீட்டுக்காரர் பில் போடறதுக்கு முன்னாடி கீழ தூக்கிட்டு போய் வச்சு பாத்தாரு. கதவு மூடல. பக்கவாட்டுல, தலைகீழா, எல்லா விதமாவும் பாத்தாச்சு, வாட்ச்மேன் அண்ணன் வேற வந்து ஐடியா குடுத்தாரு. மூடல.

பின்சீட்லயும் வைக்க முடியாது, ஒரு பக்கம் குழந்தை கார் சீட், நடுவுல நான், அந்தப்பக்கம் அத்தை. வண்டிய மாத்தற எண்ணம் இல்ல. இதே மாதிரி சின்ன டிக்கி வச்சிருக்கறவங்க என்ன பண்றீங்க? பட்ஜெட் பத்தாயிரத்துக்குள்ள.

கோவை_கார்காரன்

ஏனுங் சிஸ்டர், மொதல்ல டிக்கி எவ்ளோ கொள்ளும்னு வண்டி கம்பெனி போடற லிட்டர் கணக்க மறந்துருங்க. வேகன்ஆர் பெட்ரோல்ல 341 லிட்டர்னு போட்டிருப்பாங்க, அந்த சைஸ் வண்டிக்கு அது பெரிய டிக்கி தானுங்க, ஸ்விஃப்டே 265 தான், ஆல்ட்டோ கே10 214. ஆனா அந்த லிட்டர எப்படி அளக்கறாங்கன்னு தெரிஞ்சா சிரிப்பு வரும். 20 செமீ நீளம், 10 அகலம், 5 உயரம், இந்த அளவுல செங்கல் மாதிரி கட்டை, ஒரு கட்டை ஒரு லிட்டர், அத டிக்கில இண்டு இடுக்கெல்லாம் விடாம அடுக்கி எத்தனை போச்சுன்னு எண்ணறது, பல கம்பெனிங்க பண்றது இது தான். கட்டை போற மூலைல எல்லாம் ஸ்ட்ரோலர் போகுமா? அது ஒரே முரட்டு பீஸுங்க, வளையாது, நசுங்காது.

ஏழு சீட்டர் வாங்குனா தீந்துரும்னு யாராச்சும் வருவாங்க பாருங்க. எர்டிகால மூணாவது வரிசைய நிமுத்தி வச்சா டிக்கி 209 லிட்டர் தான், ஆல்ட்டோவ விட கம்மி.

சிஎன்ஜில சிலிண்டர் நடுவுல படுத்துக்கறதால மிஞ்சறது ஒரு சந்து. சந்தோட அளவு தான் உங்களுக்கு முக்கியம். இஞ்ச் டேப் எடுத்து மூணு அளவு எடுங்க: சிலிண்டருக்கும் டிக்கி கதவுக்கும் நடுவுல எவ்ளோ (கதவ மூடுன நெலமைல, கதவோட உள்பக்கம் பிதுங்கிட்டு வரும் அத மறந்துராதீங்க), குறுக்கால எவ்ளோ, பார்சல் ட்ரே (டிக்கிய மேல மூடற தட்டு) எடுத்துட்டா உயரம் எவ்ளோ.

தூளி_போதும்

நாங்கல்லாம் நாலு புள்ள வளத்தோம், ஒரு வண்டியும் இல்ல. இடுப்புல வச்சா புள்ள. உத்தரத்துல தூளி கட்டுனா தூக்கம். இதுக்கு பத்தாயிரமா?

ரெண்டு_வாலு_அம்மா

@தூளி_போதும் ஐயா, நீங்க வளத்தீங்களா இல்ல உங்க வீட்டம்மா வளத்தாங்களா, உண்மைய சொல்லுங்க :)

மருமக, உன் கதை அப்படியே என் கதை, எங்களது டியாகோ, 242 லிட்டர், சிஎன்ஜி கூட இல்ல, அப்பவே நாக்கு தள்ளிடுச்சு. மொத பொண்ணுக்கு நான் பண்ண தப்ப சொல்றேன் கேளு. வளைகாப்புக்கு எங்க மாமா வெளிநாட்டுலேர்ந்து ஒரு ப்ராம் குடுத்து அனுப்பினாரு, ராஜா வண்டி மாதிரி இருக்கும், கேரி காட் (குழந்தைய படுக்க வைக்கற கூடை) தனி, ப்ரேம் தனி. பாத்தா கண்ணு பட்டுடும். எடை பதிமூணு கிலோ. மூணாவது மாடி, லிப்ட் அடிக்கடி அவுட் ஆஃப் ஆர்டர். டிக்கில ப்ரேம் போட்டா காட் போகாது, காட் போட்டா ப்ரேம் போகாது. மொத்தம் எத்தனை தடவ வெளிய எடுத்துட்டு போனோம்னு கணக்கு பண்ணா பதினோரு தடவ. அப்புறம் அது ஹால்ல துணி மடிச்சு வைக்கற ஸ்டாண்டா தான் இருந்துச்சு. ரெண்டாவதுக்கு மூணா மடியற சின்னது வாங்கினேன், தோள்ல பை மாதிரி மாட்டிக்கலாம், அது தான் தேய்ஞ்சு போற வரைக்கும் ஓடிச்சு.

அதனால சொல்றேன், நீ கடைல பிடிச்சிப்போச்சுன்னு சொன்னியே பெரிய சக்கரம், கூடை, அதை மனசுலேர்ந்து எடுத்துடு.

மதுரக்காரன்_2

அக்கா குடை மாதிரி மடியும்ல, கைப்பிடி ரெண்டும் கொக்கி மாதிரி வளைஞ்சு இருக்கும், அது வாங்குங்க. மூவாயிரத்துக்கே கெடைக்குது, எடையும் இல்ல, மடிச்சா ஒல்லிக்குச்சியா ஆயிரும். இந்த மாடலை 1965ல கண்டுபிடிச்சவரு ஒரு ஏரோப்ளேன் இஞ்சினியர் தெரியுமா, ஓவன் மெக்லாரன்னு பேரு, ரெண்டாம் உலகப்போர் விமானம் ஸ்பிட்ஃபயர் இருக்குல்ல, அதோட சக்கரம் உள்ள மடங்குற டிசைன்ல எல்லாம் வேலை பாத்தவரு. மக பெரிய ப்ராம வச்சுக்கிட்டு லோல் படுறத பாத்துட்டு அலுமினியக் குழாய்ல செஞ்சாராம். பேத்திக்காக தாத்தா செஞ்ச வண்டி.

மடிப்பாக்கம்_மருமக

எல்லாருக்கும் நன்றி. அளந்துட்டேன், அவரு டார்ச் அடிக்க நான் டிக்கிக்குள்ள தலைய விட்டு. சிலிண்டருக்கும் மூடின கதவுக்கும் நடுவுல 24 செமீ. குறுக்கால 96. உயரம் பார்சல் ட்ரே எடுத்துட்டா 70.

கதவ மூடிட்டு எப்படி அளக்கறதுன்னு தெரியாம மொதல்ல தொறந்து வச்சு அளந்தேன், 31 வந்துச்சு, சந்தோஷப்பட்டுட்டேன். அப்புறம் ஒரு தெர்மாகோல் துண்ட நிக்க வச்சு கதவ மெதுவா மூடினோம், துண்டு உடைஞ்சுது, சின்னதா வெட்டி வெட்டி வச்சு பாத்ததுல 24 தான். கோவை அண்ணா சொல்லலைன்னா 31ன்னு நம்பி வாங்கிருப்பேன்.

@மதுரக்காரன்_2 குடை மாடல் பாத்தேன் தம்பி, மடிச்சா நீளம் 105 செமீ வருது. குறுக்கால 96 தானே. சாய்வா வச்சா போகுமா?

மதுரக்காரன்_2

பிதாகரஸ் போட்டு பாத்துருவோம் அக்கா. 96, 70, கர்ணம் கிட்டத்தட்ட 119. 105 போகும்.

கோவை_கார்காரன்

தம்பி, அது நூல் மாதிரி இருந்தா போகும். மடிச்ச குடை ஸ்ட்ரோலர் குறைஞ்சது 30 செமீ அகலம் இருக்குமுங்க, கீழ நாலு சக்கரம் பரப்பிட்டு நிக்கும். சாய்ச்சு வச்சீங்கன்னா மேல ஒரு மூலை, கீழ ஒரு மூலை ரெண்டும் இடிக்கும். பேப்பர்ல ஸ்கேல் வச்சு வரைஞ்சு பாத்துட்டேன், எந்த கோணத்துல வச்சாலும் 96க்கு 70ல 105க்கு 30 போகாதுங்க.

மதுரக்காரன்_2

சரிண்ணே, பத்தாவதுல கணக்குல 41 மார்க்கு, இப்ப புரியுதா ஏன்னு.

நைட்_ஷிப்ட்_நர்ஸ்

டிக்கி அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், குழந்தை அளவு யாராவது பாத்தீங்களா? அஞ்சு மாசம்ங்கறாங்க. குடை மாடல் பாதிக்கு மேல துணி தொட்டில் மாதிரி இருக்கும், முதுகு வளைஞ்சு சீட் உள்ள அமுங்கும், சாயவும் சாயாது. ஆறு மாசம் ஆகி, தலை நல்லா நின்னு, கொஞ்சமாவது புடிச்சு உக்கார ஆரம்பிக்கற வரைக்கும் அது வேண்டாம். சின்ன குழந்தை தலை முன்னாடி தொங்கி தாடை நெஞ்சுல பட்டா மூச்சுப்பாதை மடங்கும், சத்தமே வராது, அது தான் பயம். உங்களுக்கு வேணுங்கறது கிட்டத்தட்ட படுக்கற அளவுக்கு சாயற சீட், அஞ்சு இடத்துல மாட்டற பெல்ட் (ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, காலுக்கு நடுவுல ஒண்ணு). வயித்துல மட்டும் மாட்டற பெல்ட்னா கடைய விட்டு வெளிய வந்துடுங்க.

இன்னொண்ணு. வெயிலுக்குன்னு சொல்லி ஸ்ட்ரோலர் மேல துண்டு, துப்பட்டா போத்தறது. தினமும் பாக்கறேன். காத்து ஓட்டம் நின்னு உள்ள சூடு ஏறிடும், மெல்லிசு துணின்னாலும் தான். கூரை பெருசா இருக்கற மாடலா பாத்து வாங்குங்க, சென்னைக்கு கப் ஹோல்டர விட கூரை முக்கியம்.

பழைய_ஆல்ட்டோ

லேட்டா வந்துட்டேன், ஆபீஸ்ல க்வார்ட்டர் எண்ட். எங்க வண்டி பழைய ஆல்ட்டோ 800, டிக்கி 177 லிட்டர், அதுல ஸ்ட்ரோலரும் போட்டு ஒரு அரிசி மூட்டையும் போட்டு திருச்சி வரைக்கும் போயிட்டு வந்த குடும்பம் நாங்க, அதனால எனக்கு பேச தகுதி இருக்குன்னு நெனைக்கறேன் :) நான் பண்ணது இது தான், கேக்க கிறுக்குத்தனமா இருக்கும். ஆன்லைன்ல பாத்த மாடல்ல பிடிச்ச மூணுக்கும் "மடிச்ச அளவு" போட்டிருப்பாங்கல்ல, அந்த அளவுக்கு வீட்ல இருந்த பார்சல் அட்டைப்பெட்டிய வெட்டி, டேப் ஒட்டி மூணு டப்பா செஞ்சேன். மனைவி தலைல அடிச்சுக்கிட்டா. ஞாயித்துக்கிழமை காலைல பார்க்கிங்ல ஒவ்வொண்ணா டிக்கில வச்சு, அது மேல நாங்க ஊருக்கு போகும்போது எடுத்துட்டு போற நெஜ பையெல்லாம் வச்சு, கதவ மூடி பாத்தோம். டப்பா போனா ஸ்ட்ரோலர் போகும், டப்பா நசுங்கினா காசு மிச்சம். ஒரு மாடல் அங்கயே அவுட். அது தான் நான் ரொம்ப ஆசப்பட்டது.

சிஎன்ஜிக்கு படுக்க வைக்கறத விட நிக்க வைக்கறது தான் வழி. சந்து 24ன்னா, ஸ்ட்ரோலரோட மூணு அளவுல ரொம்ப சின்னது 24க்குள்ள இருக்கணும். மூணா மடியற மாடல்ல பாருங்க. உலகம் பூரா எல்லாரும் உதாரணம் காட்டற பேபிசென் யோயோ மடிச்சா 52, 44, 18 செமீ, எடை ஆறே கால் கிலோ சுமார். 18 உங்க சந்துல அழகா போகும். ஆனா அதோட விலைக்கு உங்க பட்ஜெட்ல மூணு நாலு ஸ்ட்ரோலர் வாங்கலாம். நம்ம ஊர்ல ஆர் ஃபார் ராபிட், லவ்லாப், பேபிஹக் மூணுலயும் அதே பாணில மடியறது இருக்கு, உங்க பட்ஜெட்டுக்கு பக்கத்துல. எதுன்னு நான் சொல்ல மாட்டேன், மாடல் பேர் வருஷா வருஷம் மாறுது, அளவு தான் மாறாது.

டப்பாக்கு ஒரு எச்சரிக்கை: கம்பெனி போடற அளவு துணியும் கம்பியும் மட்டும். முன்னாடி வர்ற கைப்பிடி கம்பி, கப் ஹோல்டர், மடிச்சப்புறம் உப்பிட்டு நிக்கற கூரை, இதெல்லாம் கணக்குல வராது. ரெண்டு செமீ கூட்டி வெட்டுங்க.

நல்லூரான்

வணக்கம், நாங்கள் யாழ்ப்பாணம். எங்களிட்டயும் வாகன்ஆர் தான், ஆனா ஜப்பானில இருந்து இறக்கினது, பாக்க அதே பேர், உள்ளுக்கு வேற கார். அதில பின் சீற்றை முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கலாம், இடப்பக்கம் வலப்பக்கம் தனித்தனியா. மனுசி ஒரு பக்கம் மகளோட இருக்கிறா எண்டா மற்றப் பக்கத்து சீற்றை முன்னுக்கு தள்ளிப்போட்டு தள்ளுவண்டிலை பின்னுக்கு வைப்பன். உங்கட இந்திய வண்டியில சீற் அப்பிடி ஓடாது எண்டு நினைக்கிறன்.

அப்பிடி ஓடாட்டி ஒரு யோசினை. முன் பயணி சீற்றுக்குப் பின்னால, கால் வைக்கிற இடத்தில மடிச்ச சின்ன வண்டிலை நிக்க வைக்கலாம். மாமி இருக்கிற பக்கம் சரிவராது, பிள்ளையின்ர சீற் இருக்கிற பக்கம் தான். பிள்ளையின்ர கால் எப்பிடியும் நிலத்தில படாது தானே.

கோவை_கார்காரன்

@நல்லூரான் சரியா சொன்னீங்க, நம்மூர் வேகன்ஆர்ல அது நகராதுங்க. கால் வைக்கற இடம் ஐடியா நல்லது, ஆனா குழந்தை சீட் பின்பக்கம் பாத்து மாட்டறதா இருந்தா (அஞ்சு மாசத்துக்கு அப்படித்தான் மாட்டணும்) சீட்டோட முதுகு முன்சீட்டு மேல சாஞ்சிருக்கும், கீழ எடம் எவ்ளோ மிஞ்சும்னு பாத்துக்கங்க. கார் சீட் இருக்குதுன்னு சொன்னாங்களே, அதுக்கே ஒரு சபாஷ் போடோணும். 2019 சட்டத் திருத்தத்துல 14 வயசுக்குள்ள இருக்கறவங்கள பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டு போனா 1,000 ரூபா அபராதம்னு 194பி பிரிவே இருக்கு, எத்தனை பேருக்கு தெரியும்?

அப்புறம் பார்சல் ட்ரே எடுத்துட்டு 70 செமீ உயரத்துக்கு அடுக்கறதுல ஒரு வெவகாரம் இருக்குங்க. வேகன்ஆர் மாதிரி ஹேட்ச்பேக்ல டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவுல சுவர் கெடையாது. சீட்டு முதுகுக்கு மேல தெரியற மாதிரி எத வச்சாலும் சடன் பிரேக்குல அது நேரா முன்னாடி பறந்து வரும். ஏழு கிலோ இரும்பு. முன்னாடி யாரு தலை இருக்கு? குழந்தைது, அத்தைது. சீட்டு உயரத்துக்கு கீழயே நிக்கணும், கூடவே ஒரு பெல்ட்டோ பைக்குல சாமான் கட்டற ரப்பர் கயிறோ போட்டு கட்டுங்க. கட்டும்போது சிலிண்டர் வால்வு பக்கம் போகாதீங்க, பைப் மேல சக்கரம் முட்டற மாதிரி வைக்காதீங்க. மூணு வருஷத்துக்கு ஒருதடவ ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு (தண்ணி அழுத்தம் குடுத்து சோதிக்கறது) சிலிண்டர கழட்டுவாங்க, அப்ப உரசின தடம் ஏதும் இருக்கான்னு ஆளுகிட்ட கேட்டு பாத்துக்கங்க.

மதுரக்காரன்_2

அண்ணே சிலிண்டரு சீட்டுக்கு அடில போற மாதிரி வண்டி வரலையா?

கோவை_கார்காரன்

சீட்டுக்கு அடில இல்ல தம்பி, டிக்கி தரைக்கு அடில. ஒரு பெரிய சிலிண்டருக்கு பதிலா 30 லிட்டர் சிலிண்டர் ரெண்டு. டாடா 2023ல அல்ட்ராஸ்ல கொண்டு வந்தான், அடுத்த வருஷம் ஹூண்டாய் எக்ஸ்டர்லயும் வந்துருச்சு. அல்ட்ராஸ் பெட்ரோல்ல டிக்கி 345 லிட்டர், சிஎன்ஜில 210. போனது போக தரை தட்டையா கெடைக்குது. ஆனா சிஸ்டர் வண்டி மாத்தலைன்னு சொல்லிட்டாங்க, அந்த பேச்ச விடுங்க.

சிங்கப்பூர்_சித்தி

எனக்கு காரே இல்ல, ஆனாலும் வாய் சும்மா இருக்காது :) இங்க 2017லேர்ந்து பஸ்ல ஸ்ட்ரோலர மடக்காமலே ஏத்தலாம், அதுக்கு முன்னாடி ஒரு கைல குழந்தை ஒரு கைல மடக்கின ஸ்ட்ரோலர்னு நான் ஆடாத சர்க்கஸ் இல்ல. அந்த அனுபவத்துல சொல்றேன், ஒத்தக்கைல மடிக்க முடியுதான்னு பாரும்மா. கடைல விக்கறவர் மடிச்சு காட்டறது கணக்கே இல்ல, அவர் தினம் நூறு தடவ பண்றவர். நீ உன் பையன இடுப்புல வச்சுக்கிட்டு மடிக்கணும், விரிக்கணும், ரெண்டு தடவ. அப்ப தெரியும் அது உன் வண்டியா இல்லையான்னு.

மடிக்கும்போது கீல்ல விரல் மாட்டாம பாத்துக்கோ. 2009ல அமெரிக்கால ஒரு பிராண்டுல குழந்தைங்க விரல் நுனி கீல்ல மாட்டி துண்டாயிடுச்சுன்னு சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலருக்கு கீல மூடற கவர் குடுத்தாங்க. பையன் நடக்க ஆரம்பிச்சா நீ மடிக்கற நேரத்துல தான் வந்து கைய நீட்டுவான்.

ரெண்டு_வாலு_அம்மா

சித்தி சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கு ஒண்ணு சேத்து சொல்லணும், பெரிய ஸ்ட்ரோலர் தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு: பின்சக்கரம் பட்டன் அமுக்கினா கழண்டு வர்ற மாடல் நெறைய இருக்கு, ரெண்டு சக்கரம் போனா தடிமன் சட்டுனு குறையும். ஆனா மழைல சேறான சக்கரத்த கழட்டி எங்க வைப்ப? நான் ஒரு தலையணை உறை வச்சிருந்தேன், அதுக்குள்ள போட்டு கட்டி.

சின்ன சக்கரத்தோட குறைய மறைக்க மாட்டேன். மால், ஏர்போர்ட், மெட்ரோ, பாண்டி பஜார் புது பிளாட்பாரம், இங்கெல்லாம் வெண்ணெய் மாதிரி போகும். எங்க தெருவுல? குழி, கல், தோண்டி போட்ட பள்ளம், பிளாட்பாரத்துல டிரான்ஸ்பார்மர். முன்சக்கரம் ஜல்லில மாட்டி நின்னா குழந்தை முன்னாடி குலுங்கும். அங்கெல்லாம் நான் கேரியர் தான், குழந்தைய நெஞ்சோட கட்டிக்கற துணி பை. கோயிலுக்கும் கேரியர் தான், படி வேற, வாசல்லயே வண்டிய எங்க விடறது.

தூளி_போதும்

பாத்தீங்களா, கடைசில துணில கட்டி தான் தூக்குறீங்க. நான் சொன்னப்ப சிரிச்சீங்க.

ரெண்டு_வாலு_அம்மா

ஐயா, உங்களுக்கு இன்னிக்கு ஒரு பாயிண்ட்டு குடுத்துடறேன், வச்சுக்கோங்க.

மடிப்பாக்கம்_மருமக

டப்பா செஞ்சாச்சு! பழைய ஆல்ட்டோ அண்ணா, கோயில் கட்டணும் உங்களுக்கு. நாலு டப்பா. அத்தை என்னடி பொம்மை வீடான்னு கேட்டாங்க, விஷயம் சொன்னதும் அவங்களே கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க, டேப் ஒட்டினதெல்லாம் அவங்க தான். பார்க்கிங்ல மூணு வீட்டுக்காரங்க வேடிக்கை.

ஒண்ணாம் டப்பா 26 தடிமன், கதவு மூடல, எதிர்பாத்தது தான். ரெண்டாவது, மூணாவது ரெண்டுமே 23, போயிடுச்சு, ஆனா மூணாவது உயரம் 62, சீட்டு முதுகுக்கு மேல எட்டி பாத்துச்சு, கோவை அண்ணா சொன்னதுக்கு அப்புறம் மனசு வரல. நாலாவது 20 தான், ஆனா அந்த மாடல் ஆறு மாசத்துக்கு மேல தான்னு போட்டிருக்கு, சீட்டு பாதி தான் சாயுது. ஸோ ரெண்டாவது டப்பா. 55, 46, 23.

நேத்து கடைக்கு போனோம் (வேற கடை, பழைய கடைக்கு போக வெக்கமா இருந்துச்சு). அந்த மாடல மடிச்சு நானே இஞ்ச் டேப் வச்சேன். 26! தூக்கி வாரி போட்டுச்சு. போட்டிருந்தது 23. கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம் அமுக்கினா உள்ள போயிடும்"ங்கறார். அமுக்கி பாத்தேன், போகல. அப்புறம் தான் ஆல்ட்டோ அண்ணா எழுதினது ஞாபகம் வந்துச்சு, முன்னாடி கைப்பிடி கம்பி. ரெண்டு பக்கமும் பட்டன் இருக்கு, அமுக்கி உருவினதும் 22 ஆயிடுச்சு. கம்பிய தனியா சிலிண்டர் பக்கத்துல சொருகிக்கலாம், வால்வு இல்லாத பக்கமா :)

கூரை மட்டும் ஒரு பக்கம் உப்பிட்டு நின்னுச்சு, அத உள்பக்கமா மடிச்சு விட்டா அடங்குது.

பையன இடுப்புல வச்சுக்கிட்டு மடிச்சும் பாத்தேன் சித்தி. மொத தடவ முடியல. ரெண்டாவது தடவ முழங்காலால ஒரு தட்டு தட்டி முடிச்சேன். கடைல இருந்த ஒரு பாட்டி கை தட்டினாங்க. ஏழு கிலோக்கு கொஞ்சம் மேல, 8,400 ரூபா. வாங்கிட்டோம்.

நைட்_ஷிப்ட்_நர்ஸ்

எவ்ளோ சாயுது? பெல்ட்டு?

மடிப்பாக்கம்_மருமக

கிட்டத்தட்ட படுக்கையா வருது சிஸ்டர், ஒரு டம்ளர் தண்ணி வச்சு பாத்தோம், லேசா தான் சாஞ்சுது. பெல்ட் அஞ்சு பாயிண்ட். பிரேக் போட்டு சரிவுல விட்டும் பாத்தாச்சு, நிக்குது. பிரேக் கால்ல அமுக்கறது கொஞ்சம் கடினமா இருக்கு, செருப்பில்லாம அமுக்கினா வலிக்குது, அது ஒண்ணு தான் குறை. கூடையும் சின்னது, ஒரு டயப்பர் பை கூட முழுசா போகாது.

பழைய_ஆல்ட்டோ

சூப்பர்மா. அத்தை பை போச்சா?

மடிப்பாக்கம்_மருமக

அது தான் காமெடி. ஸ்ட்ரோலர் நிக்க வச்சப்புறம் குறுக்கால இன்னும் 40 செமீ கிட்ட மிச்சம் இருக்கு, 96ல 55 தானே. அத்தை பை கரெக்டா அங்க உக்காந்துடுச்சு. தவலை இல்லாம.

புதுசு_புவனா

மருமக சிஸ், எங்களதும் சிஎன்ஜி வண்டி தான், எனக்கு அடுத்த மாசம் டெலிவரி. நங்கநல்லூர்ல தான் இருக்கோம், அந்த ரெண்டாவது டப்பா இன்னும் இருந்தா குடுப்பீங்களா, வீட்டுக்காரர அனுப்பறேன். அட்டை வெட்ட எனக்கு குனிய முடியல.

மடிப்பாக்கம்_மருமக

அய்யோ சிஸ், அத பிரிச்சு மொட்டமாடில விரிச்சு அத்தை வத்தல் காய வச்சிருக்காங்க. மூணாவது டப்பா இருக்கு, 62 உயரம், மேல ஏழு செமீ வெட்டி எடுத்துட்டா உங்களுக்கு செட் ஆகும், சாயந்திரம் வெட்டி வைக்கறேன். கூட டேப்பும் குடுத்து விடறேன். வரும்போது உங்க டிக்கிய அளந்துட்டு வர சொல்லுங்க, கதவ மூடி வச்சு.